நுவர பஸ்ஸும் மாத்தளை ரயிலும்

வத்தேகமவிலிருந்து கண்டி நகரம் ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர். சாதாரண நாளில் மடவளை, பொல்கொல்லை வழியாகப் போகும் பஸ் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆளைக் கொண்டுபோய் இறக்கிவிடும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலும் ஓகஸ்ட் பெரஹரா ஊர்வலக் காலத்திலும் வரும் சனி, ஞாயிறுகளில் இந்தக் கணக்குச் செல்லாது. கடைசி மூன்று கிலோமீற்றருக்கே ஒரு மணித்தியாலம் போய்விடும். கார் வைத்திருப்பவருக்கும் இதே கதிதான். அதற்கு மேல், நகரத்தில் காரை எங்கே நிறுத்துவது என்ற கவலை வேறு.

நெரிசலுக்கு முதற்காரணம் நிலத்தின் அமைப்பு. கண்டி மலைகளுக்கு நடுவே கிண்ணம்போலக் கிடக்கும் ஊர். அதை மூன்று பக்கமும் மகாவலி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருபவர்கள் எங்காவது ஓரிடத்தில் ஆற்றைக் கடந்தே ஆகவேண்டும்: கட்டுகஸ்தோட்டைப் பாலம், பொல்கொல்லை அணைக்கட்டு, லேவெல்ல, தென்னேகும்புர. கடந்த பிறகும் வழி அகலமாவதில்லை. மன்னர் காலத்தில் நடந்துபோக அமைந்த வீதிகளில்தான் இன்றைய பஸ்களும் வளைகின்றன. புத்தரின் புனித தந்தம் உள்ள தலதா மாளிகைக்கு முன்னால் போகும் வீதி, 1998 ஜனவரியில் மாளிகை மீது நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பின் வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதுவரை அவ்வழியே போன வண்டிகளெல்லாம் வாவியைச் சுற்றத் தொடங்கின. கண்டியின் நெரிசலைப் பற்றிப் பேசுபவர்கள் வாகனங்கள் பெருகியதைச் சொல்வார்கள். மூடிய அந்த ஒரு வீதியைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

வார இறுதியில் பஸ்ஸை நிரப்புபவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்லர். முதலில் ஏறுபவர்கள் டியூஷன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள். காலை ஏழு மணிக்கே புத்தகப் பையை மடியில் வைத்து சன்னலோரம் பிடித்துவிடுவார்கள். பின்னால் துணிமணி எடுக்கப் போகும் குடும்பங்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், சம்பளம் வாங்கிய கையோடு எல்கடுவை, பன்வில பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருபவர்கள். வெளியூர்க் கூட்டம் இதற்கு மேல்தான் வந்து சேர்கிறது. சனி, ஞாயிறோடு பௌர்ணமிப் போயா விடுமுறையும் ஒட்டிக்கொண்டால் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் புறப்படும் வண்டிகள் எல்லாமே நிரம்பிவிடும். இலங்கையில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லாவிட்டாலும், வெயில் உச்சியில் நிற்கும் ஏப்ரலும் பள்ளி விடுமுறையோடு வரும் ஓகஸ்ட்டும் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. ஏப்ரலில் இன்னொரு தொல்லையும் உண்டு. காலையெல்லாம் காய்ந்துவிட்டுப் பிற்பகலில் இடி மழை கொட்டும். பஸ்ஸின் கண்ணாடிகள் அத்தனையும் மூடப்பட, எழுபது பேரின் மூச்சோடு உள்ளே அவியவேண்டியதுதான்.

பஸ்ஸில் இரண்டு வகை. ஒன்று இ.போ.ச. என்று சுருக்கிச் சொல்லப்படும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ். தனியார் கம்பனிகளின் பஸ்களை அரசு ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டது 1958 ஜனவரி 1இல். எழுபதுகளின் இறுதியில் தனியாருக்கு மறுபடி வழி திறக்கப்பட்டது. மற்ற வகையான தனியார் பஸ் அந்த மாற்றத்தின் பிள்ளை. பருவச்சீட்டு வைத்திருப்பவர் சிவப்பு பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார். அவசரக்காரர் முன்னால் வந்ததில் தொற்றிக்கொள்வார். தனியார் பஸ் இடையில் கண்ட கண்ட இடத்தில் நின்று ஆள் சேர்ப்பதால், முதலில் ஏறியவர் முதலில் போய்ச் சேர்வார் என்று சொல்ல முடியாது.

புதிதாக வருபவரைத் தடுமாற வைப்பது நடத்துனரின் குரல். மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கியபடி அவர் “நுவர, நுவர, நுவர” என்று கூவுவார். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவர் அது நுவரெலியா போகும் பஸ் என்று எண்ணி விலகி நிற்பதுண்டு. சிங்களத்தில் கண்டிக்கு மஹநுவர என்று பெயர். அதன் சுருக்கமே அந்தக் கூவல். நுவரெலியாவுக்கு அப்படிச் சுருக்கம் கிடையாது. விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்துச் செருகிய நோட்டுகளோடு நடத்துனர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகையில் சில்லறையைக் கையில் தயாராக வைத்திருப்பது நல்லது. ஐயாயிரம் ரூபா நோட்டை நீட்டுபவர் மிச்சத்தை இறங்குமிடம் வரை நினைவில் வைத்திருக்க நேரும். முன் வரிசையில் மதகுருமாருக்கென்று எழுதியிருக்கும் இருக்கை காலியாகத் தெரிந்தாலும் அதில் உட்காருபவர் அடுத்த தரிப்பிடத்திலேயே எழும்ப வேண்டி வரலாம்.

நெரிசல் நாளில் பஸ்ஸை விட நம்பத்தக்கது ரயில். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அங்கிருந்து மாத்தளைக்கு நீண்டது 1880இல். இரண்டுமே கோப்பிக்காகப் போட்ட பாதைகள். மாத்தளைப் பாதைக்கு வாய்த்த காலம்தான் சரியில்லை. 1869இல் தோன்றிய இலை நோய் அதற்குள் கோப்பித் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு தேயிலையைத்தான் அந்த ரயில் சுமந்தது. மன்னாரில் கரையேறி, தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் நடந்தே மாத்தளைக்கு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் சந்ததியினர் இன்று அதில் டவுனுக்குப் போய் வருகிறார்கள்.

இந்தப் பாதை போகும் விதமே வத்தேகமவுக்கு அனுகூலம். மாத்தளை பஸ் ஏ-9 வீதியில் அக்குறணை வழியாகப் போகும். ரயிலோ கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைத் தனக்கான பாலத்தில் கடந்து, உடதலவின்னை, வத்தேகம, உக்குவளை என்று வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போகிறது. அந்தப் பாலத்தில் வேகம் தணிந்து பெட்டிகள் தடதடக்கும்போது எட்டிப் பார்த்தால் பச்சை கலந்த பழுப்பில் ஆறு தெரியும். வீதிப் பாலத்தில் வாகனங்கள் வால் நீண்டு நிற்பதும் தெரியும். ரயில் கடந்து போவதற்காகக் கடவைகளில் அந்த வாகனங்களே நிற்கின்றன. மூன்றாம் வகுப்புச் சீட்டு பஸ் கட்டணத்தை விட மலிவு. கண்டி நிலையத்தில் இறங்கினால் பொதுச் சந்தை, மணிக்கூட்டுக் கோபுரம், வாவி எல்லாம் நடைதூரம்.

குறை என்னவென்றால் வண்டிகளின் எண்ணிக்கை. நாளுக்குச் சில தடவைதான் ஓடும். அதுவும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவோரை மனத்தில் வைத்து வகுத்த நேரம் என்பதால் வார இறுதிக்கு அது முழுதாகப் பொருந்துவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நிலையத்தில் காத்திருப்பதை விட பஸ்ஸுக்கு நடப்பதே புத்தி. 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா புயலில் மலையக ரயில் பாதைகள் பல இடங்களில் மண்சரிந்து சிதைந்தன. அதனால் பழைய நேரசூசியை நம்பிப் புறப்படாமல், எந்த வண்டி எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். எல்ல, பதுளைப் பக்கம் போகும் ஆசையோடு கண்டிக்கு வருபவர்கள் ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறந்து சட்டென்று தீர்ந்துவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். மாத்தளை ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை. ஏறினால் நிற்க இடம் கிடைக்கும்.

பெரஹரா நாட்களின் விதிகள் தனி. நிக்கினிப் போயாவை ஒட்டி ஐந்து நாள் கும்பல் பெரஹராவும் ஐந்து நாள் ரந்தோலி பெரஹராவும் நடக்கும். ஊர்வலம் போகும் வீதிகளில் டி.எஸ். சேனநாயக்க வீதியும் ஒன்று. பழைய பெயர் திருகோணமலை வீதி. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போவதற்கு நகரத்தின் வடக்கு வாசல் அதுதான். பிற்பகலில் அது மூடப்பட்டதும் வடக்குப் பக்க பஸ்கள் திசை மாறும். நடுவழியிலேயே ஆட்களை இறக்கிவிடுவதும் உண்டு. மாற்றுவழிகளைப் பொலிஸார் ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறார்கள். நடைபாதையில் இடம் பிடிப்பவர்கள் பன்னிரண்டு மணிக்கே பாய் விரித்துவிடுவதால், அதற்கு முன் நகரத்துக்குள் நுழைந்துவிடுவது ஒன்றே வழி. மாளிகையைத் தரிசித்துவிட்டு மட்டும் திரும்ப நினைப்பவர்கள் காலை ஏழுக்குள் போய்ப் பத்துக்குள் வெளியேறிவிடலாம். ரந்தோலி இரவைப் பார்க்க விரும்புபவர்கள் அன்றிரவே வீடு திரும்பும் திட்டத்தைக் கைவிடுவது மேல்.

கூட்டம் எந்த எல்லை வரை போகும் என்பதை 2025 ஏப்ரல் காட்டியது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் ஏப்ரல் 18 முதல் 27 வரை புனித தந்தம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. விசேட ரயில்கள் விடப்பட்டன. வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. இனிக் கண்டிக்கு வரவேண்டாம் என்று பொலிஸாரே பொதுமக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. அத்தனை பேரைக் கொண்டுவந்து சேர்க்கப் பொதுப் போக்குவரத்தால் முடிந்தது. உள்ளே வந்தவர்களைத் தாங்கத்தான் நகரத்துக்கு இடம் போதவில்லை.

நகரத்துக்குள் முச்சக்கரவண்டி பிடிப்பதில் வார இறுதியில் பலன் குறைவு. அதுவும் அதே வரிசையில்தான் நிற்கும். நிலையத்திலிருந்து மாளிகைக்கு நடந்தால் அரை மணித்தியாலம் கூட ஆகாது. பேராதனைப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு சரசவி உயன ரயில் தரிப்பு கைகொடுக்கும். அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கென்றால் பேராதனை பஸ்களே போதும். நெடுந்தூர பஸ்களின் பழைய இடமான குட்செட் நிலத்தில் உலக வங்கிக் கடனில் புதிய போக்குவரத்து முனையம் கட்டத் தொடங்கியதால் பஸ்கள் போகம்பறைப் பக்கம் மாற்றப்பட்டன. ஆகவே எந்த பஸ் எங்கே நிற்கிறது என்பதை இரண்டு பேரிடமாவது கேட்பது நல்லது. ஒருவர் சொல்வது பழைய இடமாக இருக்கலாம்.

திரும்பும் பயணமே உண்மையான சிக்கல். கண்டியிலிருந்து வத்தேகம வரை இரவானாலும் ஏதாவதொன்றில் வந்து சேரலாம். அதற்கு மேல் எல்கடுவை, பன்வில, பம்பரெல்லப் பக்கம் ஏறும் பஸ்கள் பொழுது சாய்வதோடு அருகிவிடும். தோட்டத்துக் குடும்பம் ஒன்று கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால், அன்றைக்கு டவுனில் மிச்சம் பிடித்ததெல்லாம் முச்சக்கரவண்டிக் கூலிக்கே போய்விடும். வத்தேகம தரிப்பிடத்தில் ஒவ்வொரு மலைப்பாதைக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் கண்ணில் படும்படி பெரிதாக எழுதி வைக்கட்டும். அதற்கு ஒரு டின் பெயின்ட் போதும்.