செல்லப் பாம்பும் சட்டத்தின் ஓட்டையும்

புதுதில்லி: பாங்காக்கில் இருந்து பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்துக்கு 2023 செப்டம்பர் 6-ம் தேதி இரவு வந்த விமானத்தில், சில பெட்டிகளுக்கு யாரும் உரிமை கோரவில்லை. சுங்கத்துறையினர் திறந்து பார்த்தபோது உள்ளே 78 விலங்குகள் இருந்தன. அவற்றில் 55 'பால் பைத்தான்' மலைப்பாம்புகள், 17 ராஜநாகங்கள். ஆறு கபுச்சின் குரங்குகள் இறந்து கிடந்தன.

அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் பால் பைத்தான், ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. விஷமற்றது, சாதுவானது என்பதால் உலகெங்கும் செல்லப்பிராணிச் சந்தையில் இதற்குக் கிராக்கி அதிகம். பெருநகரங்களில் இதை வாங்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையோ விலையையோ அல்ல, முறையான ஆவணங்களையே.

நல்லபாம்பு, சாரை, மண்ணுளி போன்ற உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் வெளிநாட்டு இனங்கள் குறித்து அச்சட்டம் நெடுங்காலம் மௌனம் காத்தது. விமான நிலையத்தைத் தாண்டிவிட்டால் கேட்பாரில்லை என்ற நிலை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ஆறு மாதங்களுக்குள் தாமாக முன்வந்து தெரிவிப்போரிடம் ஆவணம் கேட்கப்படாது என அறிவித்தது. கடத்தி வந்தவற்றுக்கும் இது சட்டப் போர்வை அளிக்கும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தச் சட்டம், 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டீஸ்' சர்வதேச உடன்படிக்கையின் பட்டியல் இதன் மூலம் இந்தியச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, பட்டியலில் உள்ள விலங்குகளை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

எனினும், செல்லப்பிராணியாகப் பிரபலமான வட அமெரிக்கக் 'கார்ன்' பாம்பு சைட்டீஸ் பட்டியலில் இல்லை. எனவே இப்பதிவேட்டிலும் அதற்கு இடமில்லை.

ஆவணம் சரியாக இருந்தாலும் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. வளர்ந்த பால் பைத்தானுக்கு நான்கடி நீளப் பெட்டியாவது தேவை. பாம்பால் தானாக உடல்வெப்பத்தைப் பேண முடியாது. எனவே பெட்டியின் ஒரு முனையில் சுமார் 32 டிகிரி, மறுமுனையில் சுமார் 26 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். பெங்களூருவின் குளிர்கால இரவுகளில் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி இன்றி இது இயலாது. இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள மறைவிடம், தண்ணீர்த் தொட்டி, போதிய ஈரப்பதம், பூட்டக்கூடிய மூடி ஆகியவையும் அவசியம். உணவு, எலி. ஆயுள், இருபது ஆண்டுகளுக்கும் மேல்.

வாடகை வீடு மாறும்போதும் வேலை நிமித்தம் ஊர் மாறும்போதும் பாம்பு சுமையாகலாம். அப்போது ஏரிக்கரையில் விட்டுவிடுவது தீர்வாகாது. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்போரிடம் இருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் பாலூட்டிகளை வேட்டையாடி வருகின்றன.

பெட்டியின் வெப்பத்தை வளர்ப்பவர் சரிசெய்துவிடலாம். அதற்குள் இருக்கும் பாம்பு பண்ணையில் பிறந்ததா, காட்டில் பிடிபட்டதா என்பதை ஆவணம்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் வாங்குவோர் இருக்கும்வரை, உரிமை கோரப்படாத பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும்.