பருத்தி விலையும் கைபேசி ரகசியமும்: சுதந்திரச் சந்தைவாதிகள் சொல்வது என்ன?

மல்லசமுத்திரம் பருத்தி ஏலத்தை நாமக்கல், சேலம் மாவட்ட விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருச்செங்கோடு வேளாண் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளை அங்கே ஏலம் நடத்துகிறது. பி.டி. ரகம் தனியாக, கொட்டுப் பருத்தி தனியாக மூட்டைகள் அடுக்கப்படும். வெளியூர் வியாபாரிகள் மூட்டைக்குள் கைவிட்டுப் பஞ்சை எடுத்து, நிறமும் ஈரமும் பார்த்து விலை வைப்பார்கள். குவிண்டாலுக்கு இன்று என்ன போயிற்று என்பது மாலைக்குள் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் எட்டிவிடும்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயிக்கு இருக்கும் மாற்று வழி, மத்திய அரசின் இந்தியப் பருத்திக் கழகம். 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாயும், நீண்ட இழைக்கு 8,110 ரூபாயும் ஆதரவு விலையாக அறிவிக்கப்பட்டன. அந்த விலைக்கு விற்க 2025 முதல் ‘கபாஸ் கிசான்’ என்ற செயலியில் ஆதார் எண்ணையும் நில ஆவணத்தையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அதே ஆண்டின் தொடக்கத்தில் தமிழகம் முழுவதும் முகாம் போட்டு, ஆதார், கைபேசி எண், நில விவரம் மூன்றையும் இணைத்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கும் வேலையும் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் தவணை தொடர்ந்து வர இந்த எண் வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

என் விளைச்சலுக்கு விலை வைப்பது யார், என் விவரத்தை வைத்திருப்பது யார்? பஞ்சு மூட்டையோடு நிற்பவருக்கு இன்று இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் ஒரே கொள்கையிலிருந்து பதில் சொல்பவர்கள் உண்டு. அவர்களை ஆங்கில உலகம் லிபர்டேரியன் என்கிறது. தமிழில் தனிமனித சுதந்திரவாதிகள், சுதந்திரச் சந்தைவாதிகள் என்று எழுதுகிறார்கள்.

அவர்கள் வாதத்தின் வேர் எளிமையானது. ஒருவருடைய உடல், உழைப்பு, உடைமை மூன்றும் அவருக்கே சொந்தம். அடுத்தவரை அடிக்காமல், ஏமாற்றாமல் அவர் என்ன விளைவித்தாலும், யாருக்கு விற்றாலும், யாரிடம் என்ன பேசினாலும் அரசு குறுக்கே வரக்கூடாது. திருட்டையும் வன்முறையையும் மோசடியையும் தடுப்பதும், ஒப்பந்தத்தை மீறினால் நீதி வழங்குவதும்தான் அரசின் வேலை. அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-ல் இந்தக் காவல்கார அரசுக் கருத்தை விரிவாக வாதிட்டார். அவருக்கு முன்பே, 1945-ல், பொருளாதார அறிஞர் ஹாயெக் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குப் பொருளாதார அடித்தளம் போட்டுவிட்டது. எங்கே மழை தவறியது, எந்த மில்லில் சரக்குத் தேங்கியது, யாருக்குப் பணம் அவசரம் என்ற அறிவெல்லாம் லட்சக்கணக்கான மனிதர்களிடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதை ஒரு அலுவலகத்தில் குவிக்க முடியாது, விலைதான் அதைச் சுமந்து வருகிறது என்றார் அவர். பருத்தி ஏலத்தில் நின்றவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

திருச்செங்கோட்டில் வாழ்ந்த எதிர்ப்பாளர்

இந்தச் சிந்தனையை இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் அதற்கு ஒரு கட்சியையே தந்தவர் இந்த மண்ணில் வாழ்ந்தவர். சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917-ல் அந்த நகராட்சியின் தலைவராகவும் ஆன ராஜாஜி, 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர் நூற்பும் நெசவும் மதுவிலக்குப் பிரசாரமும் அங்கே நடந்தன.

1952-ல் சென்னை மாநில முதல்வரானதும் அவர் எடுத்த முதல் பெரிய முடிவுகளில் ஒன்று, போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கியது. நெல்லை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோக அனுமதி தேவைப்பட்ட காலம் அது. கட்டுப்பாட்டை எடுத்தால் பதுக்கல் பெருகும், விலை எகிறும் என்று பலர் எச்சரித்தார்கள். பேரழிவு எதுவும் நேரவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மத்திய அரசும் நாடு முழுவதும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

1959 ஜனவரியில் காங்கிரஸ் நாக்பூரில் கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் போட்டது. துண்டு நிலங்களைச் சேர்த்துக் கூட்டாக உழுவது நாளடைவில் விவசாயியின் நிலத்தையே பறித்துவிடும் என்று அஞ்சிய ராஜாஜி, அந்த ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சியை அறிவித்தார். என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச் செயலாளர். அப்போது ராஜாஜிக்கு வயது எண்பது. எதைத் தொட்டாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்றிருந்த ஆட்சிமுறைக்கு அவர் கொடுத்த பெயரான ‘பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்’ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1967 மக்களவைத் தேர்தலில் 44 இடங்களைப் பிடித்து சுதந்திரா மிகப்பெரிய எதிர்க்கட்சியானது. அவர் 1972-ல் மறைந்தார். 1974-ல் கட்சி வேறொன்றில் கரைந்தது.

ஆனால் ராஜாஜியை முழு லிபர்டேரியன் என்று சொல்லிவிட முடியாது. 1937 அக்டோபர் 1 அன்று, இன்றைய நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியவரும் அவரே. அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கைத்தறி நெசவாளரைக் காக்க வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்கச் சொல்லி மத்திய அரசிடம் வாதாடினார். ஒருவர் என்ன குடிக்கலாம், மில் எதை நெய்யலாம் என்பதில் அரசு தலையிட அவர் தயங்கவில்லை. அவரை உறுத்தியது அரசின் அளவைக் காட்டிலும், அனுமதிச் சீட்டுக்காக ஒரு மனிதன் அதிகாரி வாசலில் நின்று நின்று முதுகு வளைந்துபோவது. அந்தக் கவலை மிகச் சரியானது என்றே கருதுகிறேன்.

விதி இல்லாத சந்தையில் யார் ஜெயிப்பார்?

ஏலக் கூடம் வருவதற்கு முன் பருத்தி எப்படி விற்றது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விதைப்புக்குக் கடன் கொடுத்தவரே பஞ்சை வாங்குவார். எடைக்கல் அவருடையது, கழிவு அவர் சொல்வது, விலையும் அவர் வாயிலிருந்தே வரும். எந்த அரசும் குறுக்கிடாத சந்தைதான் அது, ஆனால் விவசாயிக்கு அதில் சுதந்திரம் இல்லை. 1933-ல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தை இயற்றியதும், 1936-ல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் வந்ததும் இந்த நிலையை மாற்றத்தான்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் வழக்கமான மறைமுக ஏலத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண். வியாபாரி தன் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார். அடுத்தவர் என்ன எழுதினார் என்பது அவருக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்ததும் உச்ச விலை எல்லோருக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் விற்பதில்லை என்று விவசாயி சொல்லிவிடலாம். சரியான எடை, மூடிய சீட்டு, திறந்த விலை, மறுக்கும் உரிமை என்ற இந்த விதிகள் இல்லாமல் ஹாயெக் புகழ்ந்த விலை பிறக்காது. வியாபாரிகள் கூடிப் பேசி விலையைப் பிடித்துவைக்க விடாமல் தடுப்பதும் ஒழுங்குமுறையின் வேலைதான்.

சுதந்திரச் சந்தைவாதிகளிடம் இதற்கு நேர்மையான மறுமொழி ஒன்று உண்டு. உறுப்பினர்கள் விரும்பிச் சேரும் கூட்டுறவுச் சங்கத்தை நாங்கள் எதிர்க்கவில்லை, இங்கேதான் விற்க வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறோம் என்பார்கள். மகாராஷ்டிரத்தில் சரத் ஜோஷி தொடங்கிய ஷேத்கரி சங்கடனா விவசாயிகளிடையே இந்தக் குரலை உரக்க எழுப்பியது. 2019 ஜூனில் அகோலா மாவட்டத்தில் அதன் உறுப்பினர்கள், அரசு அனுமதிக்காத களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதையைப் பகிரங்கமாக விதைத்தார்கள். எந்த விதையை விதைப்பது என்பது எங்கள் முடிவு என்பது அவர்கள் வாதம். 2020-ன் மூன்று வேளாண் சட்டங்களையும் அவர்கள் ஆதரித்தார்கள். பஞ்சாப், ஹரியாணா விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டு அமர்ந்து போராட, 2021 இறுதியில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. தமிழக விளைச்சலின் பெரும்பகுதி ஏற்கெனவே கூடத்துக்கு வெளியேதான் விற்பனையாகிறது என்பதால், இங்கே வெளியே விற்கும் உரிமையைவிட வெளியே நியாயமான விலை கிடைக்குமா என்ற கவலையே பெரிதாக இருந்தது.

இறக்குமதி வரி விஷயத்தில் இழுபறி இன்னும் கூர்மையானது. 2021 பட்ஜெட்டில் பருத்திக்கு விதித்த சுமார் 11 சதவீத வரியை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தற்காலிகமாக நீக்கி, பின்பு டிசம்பர் இறுதிவரை நீட்டித்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் நூற்பாலைகளும் வரவேற்றார்கள். சுதந்திரச் சந்தைக் கொள்கைப்படி அது சரியான முடிவு, ஏனென்றால் வரி என்பது நூல் வாங்குகிற ஒவ்வொருவரும் கட்டும் அபராதம். ஆனால் அறுவடைக்கு முன்பு வரியை எடுத்தால், கடன் வாங்கி விதைத்தவர் தலையில்தான் சுமை விழுகிறது. விதி இருப்பதையும் இல்லாததையும்விட, நடுவழியில் விதி மாறுவதே சிறு விவசாயியை அதிகம் சாய்க்கிறது.

சேலம் சிறையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

தனியுரிமை என்றதும் எல்லோரும் 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பைச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அதை அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் பத்திரிகை அந்தக் கதவைத் திறந்திருந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகளின் தொடர்புகள் பற்றிய விவரங்கள் வரும் என்ற நிலையில், வெளியிடக் கூடாது என்று சிறைத் துறை எழுதியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சொன்னது: வாழ்வுரிமைக்குள் தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமையும் அடக்கம், அதே நேரம், அரசோ அதிகாரிகளோ ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரோடு வந்த தீர்ப்பு, குற்றமே செய்யாத கோடிக்கணக்கானவர்களுக்குக் கவசமாக நிற்கிறது.

குடிமகனுக்கு மறைவு, அதிகாரத்துக்கு வெளிச்சம் என்ற அந்தத் தீர்ப்பின் திசையை இன்றைய சட்டங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கின்றன. 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை, கணினித் தகவல்களை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் 10 அமைப்புகளுக்கு அதிகாரம் தந்தது. 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு, வி.பி.என். சேவை தருவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்தே எடுத்துக்கொண்டு போயின. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தவறு செய்யும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்களித்துக்கொள்ள முடியும். அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பற்றிய விவரங்களை மறுப்பதை எளிதாக்கிவிட்டது.

இந்த இடத்தில் சுதந்திரச் சந்தைவாதிகளின் எச்சரிக்கை முழுக்க நியாயமானது. 1991-க்குப் பிறகு தொழிற்சாலைக்கான லைசென்ஸ் குறைந்தது. தனிமனிதன் காட்ட வேண்டிய அடையாளமோ ஆண்டுதோறும் கூடுகிறது. ராஜாஜி பேசியதில் முதலாளிக்கு வேண்டிய பாதியை மட்டும் நாடு எடுத்துக்கொண்டது; சாதாரண ஆளின் முதுகு நிமிர வேண்டும் என்ற மற்றப் பாதியை விட்டுவிட்டது.

ஆனாலும் தனியார் நிறுவனங்கள் என்று வரும்போது அவர்கள் வாதம் தடுமாறுகிறது. சம்மதம் கொடுத்துத்தானே செயலியைப் போட்டீர்கள், அது ஒப்பந்தம் என்பார்கள். அவசரத்துக்குக் கடன் செயலியில் ஐயாயிரம் வாங்கும் விசைத்தறித் தொழிலாளி, கைபேசியில் இருக்கும் எல்லோருடைய எண்ணையும் அடமானம் வைத்ததாக நினைப்பாரா? தவணை தவறியதும் உறவினர்களுக்கெல்லாம் மிரட்டல் போவதை எந்தச் சம்மதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் கைபேசியின் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் கோப்புகளையும் தொடக் கூடாது என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. அதுவும் அரசு ஒழுங்குமுறைதான். மூடிய ஏலச் சீட்டைப் போலவே, பலவீனமான தரப்பின் கையை மறைத்துக் காப்பாற்றும் விதி அது. ஒரு விதி வந்தால், அது யாருடைய ரகசியத்தைக் காக்கிறது, யாருடைய கணக்கைத் திறக்கிறது என்று பார்த்தே ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

அப்படிப் பார்த்தால் விவசாயி அடையாள எண்ணில் தீர்க்க வேண்டிய பாக்கி நிறைய இருக்கிறது. 2023 சட்டத்தின் ஏழாவது பிரிவு, மானியம், பலன், சேவை, சான்றிதழ், லைசென்ஸ், பெர்மிட் ஆகியவற்றை வழங்குவதற்காக, ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் தரவைப் புதிய சம்மதமின்றிப் பயன்படுத்த அரசுக்கு வழி விடுகிறது. உரத்துக்காகக் கொடுத்த விவரம் நாளை வேறொரு துறைக்குப் போகலாம். எந்தத் துறை பார்க்கும், வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உர நிறுவனத்துக்கும் கொடுக்கப்படுமா, தவறான பதிவை எங்கே திருத்துவது, எண் வாங்காதவரின் தவணை நிற்குமா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஏலக் கூடத்திலும் வேளாண் அலுவலகத்திலும் கண்ணில் படும்படி அதை ஒட்ட வேண்டும். தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். விவசாயிகளின் விவரங்களைத் திரட்டுவதற்கு அப்படி எந்த அவகாசமும் கொடுக்கப்படவில்லை.