விடைக்குப் பின் வரும் வினா: புரோசார்ட் தமிழ் மாணவரும் கணித விளக்க எழுத்தும்

மொன்றியல் தீவுக்குத் தென்கிழக்கே, சென் லோரன்ஸ் ஆற்றின் மறுகரையில் அமைந்த நகரம் புரோசார்ட். 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் விளைவாக, அங்குக் குடியேறியோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே பயில்கின்றனர். தமிழ்ப் பிள்ளையொன்று வீட்டில் தமிழிலும் வகுப்பில் பிரெஞ்சிலும் எண்ணக் கற்கிறது. சரியான விடையை எழுதிய பின்னரும், "எவ்வாறு கண்டாய்?" என்ற வினாவின் முன் அது திகைத்து நிற்குமாயின், குறை கணித அறிவிலா மொழியிலா என்று பிரித்தறிதல் ஆசிரியருக்கு எளிதன்று.

கியூபெக்கின் கல்வித்திட்டம் கணிதத்தில் மூன்று திறன்களை வகுத்துள்ளது: சிக்கற்சூழலைத் தீர்த்தல், கணித முறையில் நியாயங்காணல், கணித மொழியில் தொடர்பாடல். எனினும் 2011இல் வெளிவந்த மதிப்பீட்டுச் சட்டகத்தின்படி மூன்றாவது திறன் பற்றி மாணவருக்குக் கருத்துரை வழங்கப்பட வேண்டுமேயன்றி, தேர்ச்சி அறிக்கையின் புள்ளியில் அது சேர்க்கப்படுவதில்லை. புள்ளி இல்லாத இடத்தில் கவனமும் குறைவது இயல்பு. வீட்டுமொழி வேறாகவுள்ள பிள்ளைக்கே இவ்விழப்பு மிகுதி.

இவ்விடைவெளியை நிரப்பத்தக்க எளிய கருவி தூண்டுவினா. கணக்கைச் செய்யுமாறு பணிக்காமல், கணக்கைப் பற்றி எழுதுமாறு பணிப்பது அது. "விளக்குக" என்ற ஒற்றைச் சொல் தூண்டுவினா ஆகாது. யாருக்கு, எதற்காக எழுதுவது என்பது அதில் இருத்தல் வேண்டும். சான்றாக: "ஒரு மாணவன் 1/2 + 1/3 = 2/5 என எழுதியுள்ளான். அவன் என்ன எண்ணியிருப்பான்? அவனுக்கு ஒரு கடிதம் எழுதுக." பொதுப் பகுதியெண் காணும் விதியை ஒப்பிப்பது இங்குப் போதாது. தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே கூட்டிய தவற்றைக் கண்டு, அது ஏன் தவறு என்றும் சொல்ல வேண்டும். "ஐந்தில் இரண்டு அரையிலும் குறைவு; அரையோடு ஒன்றைக் கூட்டினால் அரையிலும் குறைவாக எப்படி வரும்?" என ஒரு பிள்ளை எழுதுமாயின், அது விதியைக் கடந்து அளவையே உணர்ந்துவிட்டது.

இவ்விளக்கம் தமிழில் எழுதப்படுவதில் ஒரு தனிப்பயன் உண்டு. 2/3 என்பதைப் பிரெஞ்சு மொழி தொகுதியெண்ணை முன்வைத்துச் சொல்கிறது. தமிழோ 'மூன்றில் இரண்டு' என்று முழுமையை முதலில் பங்கிட்டு, அதன் பின்னரே எடுத்த பங்கைக் கூறுகிறது. பின்னம் என்பது எதனுள் எத்தனை என்ற உறவு தொடரிலேயே வெளிப்படுகிறது. (அரை, கால், அரைக்கால், மாகாணி என ஒவ்வொன்றாகப் பாதியாகிச் செல்லும் பழைய பெயர்களும் இங்குப் பயன்படும், அவற்றை இன்று வாய்பாடாக ஒப்பிக்கச் செய்ய வேண்டியதில்லை.) தமிழில் எழுதுவதனாலேயே கணிதம் வந்துவிடும் என்பது இதன் பொருளன்று. இரு சொல்முறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒருமொழி மாணவருக்கு இல்லை என்பதே பொருள்.

விடை விரைந்து வந்தாற் போதும் என்று கருதும் பெற்றோர் இராமானுசனைச் சான்று காட்டுவதுண்டு. அவருடைய வரலாறு இக்கருத்துக்கு அரண் செய்யவில்லை. தாள் விலைமிக்கதாயிருந்தமையால் அவர் கற்பலகையில் கணித்து, முடிவுகளையே பெரும்பாலும் குறிப்பேடுகளில் பதிந்தார். 1913இல் அவர் மடலுக்கு மறுமொழி எழுதிய ஹார்டி முதலில் வேண்டியது நிறுவல்களையே. அக்குறிப்பேடுகளின் முடிவுகளை நிறுவி புரூஸ் பெர்ன்ட் பதிப்பித்த ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன.

நடைமுறையில் எஞ்சும் இடர் வேறு. பகற்பள்ளி ஆசிரியர் தமிழ் அறியார். வார இறுதித் தமிழ் வகுப்பின் ஆசிரியர் கணிதம் தம் பொறுப்பன்று எனக் கருதுவார். ஆகவே தமிழ் வகுப்பில் எழுதிய கடிதத்தைப் பிள்ளையே பிரெஞ்சில் மறுபடி எழுதிப் பள்ளிக்குக் கொண்டுசெல்வது தகும். முதற்படியில் எழுத்துப்பிழை திருத்தலாகாது. சிவப்பு மையைக் கண்ட பிள்ளை அடுத்த முறை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும், எண்ணியதை எழுதாது. இரு படிகளிலும் எந்த வாக்கியம் மாறியது, எது விடுபட்டது என்று ஒப்பிட்டால், தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு, குறை கணிதத்திலா மொழியிலா என்பதற்கு, ஆசிரியர் கையில் ஒரு சான்றாவது கிட்டும்.