ஸ்கேனில் தெரியாததைத் தேடுவது எப்படி?

சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் ரத்தம் போதும். எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டிசத்துக்கு அப்படி ஒரு சோதனை இன்றுவரை இல்லை. மரபணுச் சோதனை சிலரிடம் ஒரு காரணத்தைக் காட்டலாம். ஆட்டிசம் உண்டா, இல்லையா என்று அது சொல்லாது. மூளை ஸ்கேனும் சொல்லாது. ஆனாலும் இங்கிலாந்தில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்கூட அந்தக் கேள்வியோடு மருத்துவர்களைத் தேடிப் போகிறார்கள். பலர் தெளிவான பதிலோடு திரும்புகிறார்கள்.

இவ்வளவு தாமதமாக ஏன் கேட்கிறார்கள்? அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கன்னர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தது 1943இல். அதன்பின் பல ஆண்டுகள் அது குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும் ஒன்றாகவே கருதப்பட்டது. லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங், ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கரின் பழைய ஆய்வை 1981இல் ஆங்கில உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நன்றாகப் பேசுகிற, நன்றாகப் படிக்கிற ஆட்களிடமும் ஆட்டிசம் இருக்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் மெல்லப் பரவியது. அதற்குள் ஒரு தலைமுறையே பள்ளியை முடித்து, கூச்ச சுபாவி, முசுடு, ஒட்டாத ஆள் என்று பெயர் வாங்கி வளர்ந்துவிட்டது. பிரிட்டனில் 1998க்கும் 2018க்கும் இடையே பதிவான ஆட்டிசக் கண்டறிதல்கள் 787 சதவீதம் கூடின என்கிறது எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வு. பெரியவர்களிடமும் பெண்களிடமும் இந்த ஏற்றம் அதிகம். ஆட்டிசம் பெருகிவிட்டது என்பதைவிட, அதை அடையாளம் காணும் பழக்கம் வளர்ந்திருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

கேட்பவர்கள் கூடியதால் வரிசையும் நீண்டது. பரிந்துரை வந்த 3 மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது அங்கே மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் தர வரையறை. 2024இல் இங்கிலாந்தின் காத்திருப்போர் பட்டியலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதனால் பலர் தனியாரிடம் போகிறார்கள். செலவு பெரும்பாலும் 1,000 முதல் 3,000 பவுண்டு வரை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அரசு மருத்துவச் சேவையுடன் ஒப்பந்தம் உள்ள வேறொரு நிறுவனத்துக்குத் தன்னை அனுப்பும்படி குடும்ப மருத்துவரிடம் கேட்கலாம். 'ரைட் டு சூஸ்' எனப்படும் இந்த உரிமையில் நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை.

சரி, தனியாரிடம் கொடுக்கும் பணத்துக்கு என்ன நடக்கிறது?

முதலில் வருவது கேள்வித்தாள். கேம்பிரிட்ஜில் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 2001இல் உருவாக்கியதில் 50 கேள்விகள். அதன் சுருக்கமான வடிவத்தில் 10. அந்தப் பத்தில் ஆறு மதிப்பெண் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று பொருள். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. குறைந்த மதிப்பெண் எடுத்த பலருக்கும் முழு மதிப்பீட்டில் ஆட்டிசம் இருப்பது தெரியவந்ததாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அடுத்தது குழந்தைப் பருவம். ஆட்டிசம் பாதியில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. அதன் தடயங்கள் சிறுவயதிலேயே இருந்தாக வேண்டும். ஆகவே ஐம்பது வயதுக்காரரின் அம்மாவிடம் கேள்விகள் போகின்றன. பேச்சு எப்போது வந்தது? பொம்மைக் காரை ஓட்டி விளையாடினானா, சக்கரத்தை மட்டும் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தானா? வழக்கமாகப் போகும் பாதையை மாற்றினால் அழுதானா? பெற்றோர் இல்லையென்றால் அண்ணன், அக்கா. அவர்களும் இல்லையென்றால், பரணில் கிடக்கும் பள்ளி ரிப்போர்ட்டில் ஆசிரியர் எழுதிவைத்த ஒரு வரிகூடச் சாட்சியாகும்.

மூன்றாவது நேர்முகம். அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் லார்டும் சகாக்களும் உருவாக்கிய அடாஸ் என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்வதும் அதில் உண்டு. கதை சரியா, தப்பா என்பது கணக்கில்லை. சொல்பவர் நடுவில் நிமிர்ந்து எதிரே இருப்பவரைப் பார்க்கிறாரா, கை பேசுகிறதா, படத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்கிறாரா, எதிராளி ஒரு பேச்சை நீட்டினால் பிடித்துக்கொள்கிறாரா என்பதையெல்லாம் கவனித்துக் குறித்துக்கொள்கிறார்கள்.

சிக்கலும் இங்கேதான். கண்ணைப் பார்த்துப் பேசவும், சரியான இடத்தில் சிரிக்கவும் வருடக்கணக்கில் ஒத்திகை பார்த்துப் பழகியவர்கள் உண்டு. பெண்களில் இது அதிகம். ஒரு மணி நேர உரையாடலை அவர்கள் சிரமப்பட்டுச் சமாளித்துவிடுவார்கள், மறுநாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கிடப்பார்கள். இதற்கு நேர்மாறாக, ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர் ஆட்டிசமே இல்லாமல் அடாஸில் அதிக மதிப்பெண் வாங்கிவிடலாம். கருவி தருவது எண்ணை மட்டுமே; அந்த எண் ஏன் வந்தது என்று யோசிக்கத் தேர்ந்த ஆள் வேண்டும். தனியாரிடம் கொடுக்கும் பணம் உண்மையில் அந்த ஆளின் தீர்மானத்துக்கான விலை.

ஆகவே தேர்வு செய்யும்போது விளம்பரத்தைவிட ஆளைத்தான் விசாரிக்க வேண்டும். பிரிட்டனில் வெறும் 'சைக்காலஜிஸ்ட்' என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள, அத்தகைய தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி. பதிவேடு. இரண்டையும் இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். ஒருவர் தனியாக முடிவெடுப்பதைவிட, பல துறையினர் சேர்ந்த குழு பார்ப்பதையே நைஸ் வழிகாட்டி விரும்புகிறது. சமூகப் பதற்றம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு, பழைய மனக்காயம் போன்றவற்றையும் எடைபோடுகிறார்களா? 'ஆட்டிசம் இல்லை' என்ற பதிலோடு அங்கிருந்து யாராவது திரும்பியிருக்கிறார்களா? எல்லோருக்கும் ஆம் என்று சொல்லும் இடத்தில் கிடைக்கும் 'ஆம்' எதையும் நிரூபிக்காது.

பணம் கட்டுவதற்கு முன் போனில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: "என் சிறுவயதைப் பற்றி யாரிடம், எப்படி விசாரிப்பீர்கள்?" அதற்கு விளக்கமாகப் பதில் சொல்பவர்களிடம் மேற்கொண்டு பேசலாம். "கேள்வித்தாளை நிரப்பி அனுப்புங்கள், அது போதும்" என்றால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பகுதியை மட்டும் அவர்கள் விலைக்கு விற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.