உங்களுக்குத் தெரியுமா? கர்ணம் போனார், வி.ஏ.ஓ. வந்தார்

பொழிச்சலூரில் மனை வாங்குபவர் இன்று பட்டா, சிட்டாவைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். 1980 வரை தமிழக ஊர்களில் நிலக் கணக்கு கர்ணத்தின் கையில்தான். எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பதுவரை அடங்கல் என்ற பயிர்க் கணக்கேட்டில் அவர் எழுதியதே எழுத்து!

அப்பாவுக்குப் பின் மகன் என்ற வழக்கத்தை 1895-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் உறுதியாக்கியிருந்தது. பரம்பரை உரிமை அரசமைப்புக்கு முரண் என்று ஆந்திர வழக்கு ஒன்றில் 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் பதவி உடனே போய்விடவில்லை.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், ஊர்த் தலைமை அலுவலரான மணியக்காரர் ஆகிய பதவிகளை ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அவர்கள் இடத்துக்கு வந்தவர்தான் வி.ஏ.ஓ. எனப்படும் கிராம நிர்வாக அலுவலர்.

பட்டா வருவாய்த் துறையின் கணக்கு; வில்லங்கச் சான்று பதிவுத் துறையுடையது. மனை வாங்குமுன் இரண்டையும் பாருங்கள்.