நடுவரும் அவரே, கட்சிக்காரரும் அவரே

கம்பாலாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பேரேட்டில் பாதிப் பக்கங்கள் தெற்கு சூடான் தலைநகர் ஜூபாவின் பார்ட்டிகளுடையவை. சிமெண்ட், மக்காச்சோள மாவு, சோப்பு, கூரைத் தகடு ஏற்றிய லாரிகள் குலு வழியாக எலேகு எல்லையைத் தாண்டி, நிமுலேயில் தெற்கு சூடானுக்குள் நுழையும். 2013 டிசம்பர் 15 அன்று ஜூபாவில் சண்டை மூண்டதும் லாரிகள் நின்றுவிட்டன. வரவேண்டிய பாக்கிகளை ஒவ்வொன்றாக வாராக்கடனில் எழுதினோம்.

லாரிகள் நின்ற சில நாட்களில் உகாண்டா ராணுவம் ஜூபா போய்ச் சேர்ந்தது. மாட்டிக்கொண்ட உகாண்டா மக்களை மீட்கத்தான் என்றார்கள். ஜனவரியில் பார்த்தால், தெற்கு சூடான் அதிபர் சல்வா கீர் பக்கம் நின்று, ‘போர்’ (Bor) என்ற நகரில் அவரை எதிர்த்த கிளர்ச்சித் தலைவர் ரீயக் மச்சாரின் ஆட்களோடு அந்தப் படை சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதே மாதம் அடிஸ் அபாபாவில் சமாதானப் பேச்சு நடத்திய இகாட் என்ற வட்டார அமைப்பிலோ உகாண்டாவும் ஓர் உறுப்பினர். ஜனவரி 23 அன்று கையெழுத்தான போர்நிறுத்தம் சில நாட்கள்கூடத் தாங்கவில்லை.

எங்கள் ஜூபா வாடிக்கையாளர் ஒருவர், பேச்சுவார்த்தை என்று செய்தி வந்தாலே போன் போடுவார். “முசேவேனி என்ன சொல்கிறார்?” என்று உகாண்டா அதிபரைப் பற்றித்தான் கேட்பார். தன் நாட்டு அதிபர் என்ன சொன்னார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உகாண்டாவுக்குத் தெற்கு சூடான் பெரிய சந்தை. அதைவிடப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. வட உகாண்டாவைச் சூறையாடிய கிளர்ச்சித் தலைவர் கோனியின் படைக்கு ஒரு காலத்தில் சூடான் அரசு ஆதரவு கொடுத்தது. மச்சாரோ 1997இல் அதே சூடான் அரசோடு ஒப்பந்தம் போட்டவர். அவர் ஜெயித்தால் சூடானின் கை தன் எல்லைவரை நீளும் என்று முசேவேனி அஞ்சினார். எத்தியோப்பியாவின் கவலை வேறு: மச்சாரின் நுயர் இன மக்கள் அதன் கம்பேலா பகுதியிலும் வாழ்கிறார்கள். கென்ய வங்கிகளுக்கு ஜூபாவில் கிளைகள் இருந்தன.

சூடானின் கணக்கு எண்ணெய். 2011இல் நாடு பிரிந்தபோது எண்ணெயில் முக்கால் பங்கு தெற்கே போயிற்று. ஆனால் அதைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய் சூடான் வழியாகத்தான் ஓடுகிறது. 2018இல் சூடானில் ரொட்டி விலை ஏறி மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதிபர் பஷீருக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த ஜூனில் கீரையும் மச்சாரையும் தன் தலைநகர் கார்ட்டூமுக்கு அழைத்து ஒரு பிரகடனத்தில் கையெழுத்து வாங்கினார். அந்தப் பிரகடனத்தைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. போர்நிறுத்தம், அதிகாரப் பங்கீடு ஆகியவற்றோடு 1, 2, 4 என்று எண்ணெய் வயல்களின் எண்களும் அதில் இருந்தன; சூடானும் சேர்ந்து அவற்றை உடனே பழுதுபார்க்க வேண்டுமாம்.

எண்ணெய்க்காக வந்த அமைதி என்றாலும் அதை நான் இகழமாட்டேன். பிரகடனத்தைத் தொடர்ந்து செப்டம்பரில் வந்த சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்போர் ஓரளவு அடங்கியது. லாரிகளும் மறுபடி ஓடின. ஆனால் அதற்குள் சுமார் 3.8 லட்சம் உயிர்கள் போய்விட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். உகாண்டாவுக்கு மட்டும் பத்து லட்சம் அகதிகள் வந்து சேர்ந்திருந்தார்கள். ஐ.நா. ஆயுதத் தடையே 2018 ஜூலையில்தான் வந்தது. அண்டை நாடுகளின் லாபக் கணக்கு ஒத்துவர நாலரை ஆண்டு ஆயிற்று. அதற்கான விலையைத் தெற்கு சூடான் மக்கள் கொடுத்தார்கள்.

அந்த ஒப்பந்தத்துக்குப் பின்பலமாக நின்றவர்கள் பஷீரும் முசேவேனியும். பஷீரை 2019 ஏப்ரலில் கவிழ்த்தார்கள். அவர் நாடே 2023 முதல் உள்நாட்டுப் போரில் கிடக்கிறது. முசேவேனி 2025 மார்ச்சில் கீருக்குத் துணையாக மறுபடியும் ஜூபாவுக்குப் படை அனுப்பினார். அதே மாதம் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

போரில் படை இறக்கிய நாட்டுக்கு, அந்தப் போரின் சமாதான மேசையில் நடுவர் இடம் கொடுக்கக்கூடாது. ஆப்பிரிக்க ஒன்றியம் இதை ஒரு விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.