வகுப்பறையில் கைக்கணினியும் மாணாக்கர் கவனமும்

ஆந்திரப் பிரதேச அரசு, 2022-ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள் 21-ஆம் நாள் தொடங்கி, எட்டாம் வகுப்பிற் பயின்ற ஏறத்தாழ 4,60,000 மாணாக்கருக்கு 'டேப்' எனப்படும் கைக்கணினிகளை வழங்கியது. பாடங்கள் அவற்றிலேயே பதிவு செய்யப்பட்டிருந்தன. வேண்டாதவை திறவாதவாறு மென்பொருட் பூட்டும் இடப்பட்டிருந்தது. சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர் போன்ற ஊரகப் பகுதிகளுக்கு இத்தகைய கருவி பெரியதொரு வாய்ப்பாகும். ஆயினும், கருவிக்கு இடும் பூட்டினால் மட்டும் மாணாக்கரின் கவனம் பாடத்தில் நிலைத்துவிடாது. இதன் காரணத்தை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

மனித மனம் கடினமான இரு காரியங்களை ஒரே சமயத்தில் கவனிக்க வல்லதன்று. அவ்வாறு செய்வதாகத் தோன்றும்போது, அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறிச் செல்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது காலம் வீணாவதோடு, நினைவில் நிறுத்தியிருந்த செய்தியும் நழுவிவிடக்கூடும். கணக்கின் மூன்றாம் படியில் வேறொரு படத்தைப் பார்த்துவிட்ட மாணாக்கன், மீண்டும் முதற்படிக்கே திரும்ப நேரிடுகிறது.

கனடாவில் நிகழ்த்தப்பெற்று 2013-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு அலுவல்களையும் பார்த்தவர்கள் தேர்வில் 11 சதவீதம் குறைவாகப் பெற்றனர். பிறருடைய அத்தகைய திரைகள் கண்ணிற்படும்படி அமர்ந்திருந்தவர்களோ 17 சதவீதம் குறைவாகப் பெற்றனர். ஆகவே, ஒருவரது கவனச் சிதறல் அண்டையில் இருப்போரையும் பாதிக்கும்.

இதனால் கருவியை அறவே விலக்க வேண்டுமென்பதில்லை. பல நாடுகளின் 15 வயது மாணாக்கரிடையே 2022-இல் நடந்த பீசா ஆய்வில், பள்ளியில் கற்றற்பொருட்டு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வரை கருவிகளைக் கையாண்டோர், கையாளாதோரைவிடக் கணிதத்தில் 14 புள்ளிகள் மிகுதியாகப் பெற்றனர். இது காரண காரியத்தை மெய்ப்பிப்பதன்று; எனினும் அளவறிந்த பயன்பாட்டுக்கு இடமுண்டு என்பதைக் காட்டுகிறது.

ஆசிரியர்கள் கைக்கொள்ளத்தக்க முறைகள் வருமாறு:

1. கருவியைத் திறக்குமுன், விடை காணவேண்டிய வினாவைக் கரும்பலகையில் எழுதுக.

2. பத்து நிமிடம் என்பதுபோல் காலவரையறை கூறுக. அது முடிந்தவுடன் திரையைக் கவிழ்த்து வைக்கச் செய்க.

3. அறிவிப்பு ஒலிகளை நிறுத்தி வைக்கச் செய்க.

4. வகுப்பின் பின்புறமாக உலவி வருக; அங்கிருந்து திரைகள் யாவும் புலப்படும்.

5. கண்டதைக் குறிப்பேட்டில் தம் சொந்தச் சொற்களில் எழுதச் செய்க.

பள்ளிகளைப் பார்வையிடும் களப்பணியாளர்கள், எத்தனை கருவிகள் இயங்குகின்றன என்று கணக்கெடுப்பதோடு நின்றுவிடலாகாது. எந்த வினாவுக்காகக் கருவி திறக்கப்பட்டது என்று மாணாக்கர் ஒருவரைக் கேட்டறிதல் நலம். அதற்குத் தெளிவான விடை கிடைக்கும் வகுப்பில் கருவி நன்கு பயன்படுகிறது எனக் கொள்ளலாம்.